கடிவாயும் கைமாற்றும்

ஜூன் 3, 2024, திங்கள். குன்னூர்
காலை மூடுபனியில், பேக்கரி வாசலில் படுத்திருந்த செவலை நாயின் வாலை மிதித்துவிட்டேன். கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு புஜத்திலும் தோலுக்குள் தடுப்பூசி. அது எறும்புக்கடி. கடிவாயைச் சுற்றிக் குத்தினார்களே இன்னொன்று, அதில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியாம். தடுப்பூசியைப் பார்த்து என் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்ய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதுவரைக்கும் குதிரையிடம் கைமாற்று.

“ரத்தம் டெஸ்ட் பண்ணா நாய்க்கு வெறி இருந்துச்சான்னு தெரியுமா டாக்டர்?”

“உங்க ரத்தத்துல ஒண்ணும் தெரியாதுங்க. பத்து நாள் நாயைப் பாருங்க.”

ஜூன் 6
இரண்டாவது தவணை. தம்பி மகன் நாமக்கல்லிலிருந்து பேசினான். கால்நடை மருத்துவம் படிக்கிறான். “பெரியப்பா, அந்த வைரஸ் நரம்புக்குள்ள புகுந்து சத்தமில்லாம மூளைக்குப் போகும். ரத்தத்துல இருக்கிற காவலுக்குத் தகவலே போகாது. நோய் வெளிப்பட்ட பிறகுதான் ஆன்டிபாடி வரும். அப்ப வந்து பிரயோஜனமில்ல.” ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டானாம்.

ஜூன் 10
மூன்றாவது தவணை. திரும்பும் வழியில் சிம்ஸ் பூங்கா எதிரே பாஸ்டர் நிலையத்தின் முன் நின்றேன். எத்தனையோ வருடம் கடந்து போன கட்டடம். 1902இல் லிலி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியில் இறந்தார். தென்னாட்டில் அப்போது இதற்குச் சிகிச்சையே இல்லை. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் தந்த நன்கொடையில் 1907இல் இது எழுந்தது.

என் சின்ன வயதில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. ஆட்டு மூளையை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, சிலருக்குச் சொந்த மூளையையும் நரம்பையுமே தாக்கி வாதத்தில் தள்ளியது. எதிரியின் அடையாளத்தைப் பிசகாகக் கற்றுக்கொண்ட ஆன்டிபாடி! 2004 வாக்கில்தான் இந்தியாவில் அதைக் கைவிட்டார்கள். இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் வைரஸைப் பெருக்கிக் கொன்று தருகிறார்கள்.

ஜூன் 13
பத்தாம் நாள். நாயைக் காணோம். பேக்கரிக்காரரும் மூன்று நாளாகப் பார்க்கவில்லையாம். வீட்டில் சொல்லவில்லை. தூக்கமில்லை.

ஜூன் 17
பஸ் ஸ்டாண்டில் செவலை! அதே கிழிந்த காது. யாரோ போட்ட வர்க்கியைத் தின்றுகொண்டிருந்தது. பத்து நாள் தாண்டியும் நன்றாக இருக்கும் நாய், கடித்த அன்று நோயைத் தந்திருக்க முடியாது. என் ரத்தம் சொல்லாததை அதன் வால் சொல்லிவிட்டது.

ராத்திரி மறுபடி தம்பி மகன் பேசினான். கல்லூரியில் முன்கூட்டியே ஊசி போட்டு அவனுக்கு ஆன்டிபாடி அளவு பார்த்திருக்கிறார்கள். சீரத்தை நீர்க்க நீர்க்கக் கரைத்து, உயிருள்ள வைரஸோடு கலந்து, செல்களில் விடுவார்களாம். வைரஸ் தொற்றிய செல் சாயத்தில் ஒளிரும். ஆன்டிபாடி அதை மடக்கியிருந்தால் ஒளிராது. மில்லிலிட்டருக்கு 0.5 அலகு இருந்தால் போதும். “இப்ப உங்களுக்குப் பார்த்தாலும் இருக்கும் பெரியப்பா. ஆனா அது ஊசி வேலை செஞ்சதைத்தான் சொல்லும், நாயைப் பத்தி இல்ல.”

கொரோனாவில் கதையே வேறு. 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலமெங்கும் ரத்தம் எடுத்தபோது ஊசியே வரவில்லை. ஆன்டிபாடி இருந்தால் தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள். பெரம்பலூரில் 51 சதவீதம், நீலகிரியில் 11. மாவட்டங்களிலேயே குறைவு. இ-பாஸ் இல்லாமல் மலை ஏற முடியாத காலம்; அதுதான் காரணமோ என்னவோ.

ஜூலை 1
கடைசித் தவணை. நாய் பிழைத்தாலும் முடித்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஆன்டிபாடி குறைந்தாலும் செய்முறை உடம்புக்கு நினைவிருக்குமாம். இனி கடித்தால் அன்றும் மூன்றாம் நாளும் இரண்டே தவணை, குதிரை வேண்டாம். சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். சாயங்காலம் பேக்கரிக்குப் போனேன், வாலைச் சுற்றிக்கொண்டு.