மேசைக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, நடுத்தரமான ஒரு சைவ ஓட்டலில், கைக்குழந்தையோடு வந்த குடும்பம் எழுந்துபோன மேசையைக் கவனித்திருக்கிறீர்களா? கவிழ்ந்த கிண்ணத்துச் சாம்பார் மேசையின் ஓரம்வரை ஓடிக் கீழே சொட்டிக்கொண்டிருக்கும். கோன் தோசையின் உச்சி மட்டும் உடைபட்டு, மிச்சம் அப்படியே நிற்கும். பாதி நனைந்த டிஷ்யூ காகிதங்கள் ஒரு குவியல். இது மேலே. கீழே குனிந்து பார்த்தால் இட்லித் துணுக்குகள், பூரிக் கிழிசல்கள், யாரோ மிதித்து இழுத்துக்கொண்டுபோன தேங்காய்ச் சட்னி. குழந்தைக்கென்று கொண்டுவந்து போட்ட உயர நாற்காலியின் இடுக்கெல்லாம் தயிர்ச்சாதம். அதற்குள் குடும்பம் கல்லாவுக்குப் போய்ச் சோம்பும் கற்கண்டும் அள்ளிக்கொண்டிருக்கும்.

அவர்களைக் குறை சொல்லத் தொடங்கும்முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை சிந்தத்தான் செய்யும். ஒன்றரை வயதில் சிந்தாமல் சாப்பிடும் குழந்தையை நான் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைவதும், மேசையில் தடவுவதும், கீழே போட்டுவிட்டு அது எங்கே போயிற்று என்று எட்டிப் பார்ப்பதும் அந்த வயதின் படிப்பு. பக்கத்து மேசையிலிருந்து 'உச்' கொட்டுகிறவர்களோடும், "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்கு ஓட்டலுக்கு வரணும்?" என்று காதில் விழும்படி முணுமுணுக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வாரமெல்லாம் அடுப்படியில் நின்றவள் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட வந்திருக்கிறாள். நன்றாக வரட்டும்.

சிந்தியதைப் பெற்றவர்கள் எடுத்துவிட்டு எழ வேண்டுமா, விட்டுவிட்டுப் போகலாமா என்பதுதான் பேச்சு. ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு வந்தபோது என் அத்தை மகன் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாம் பில்லுலதான சேத்து வாங்குறான்? அதுக்குத்தான ஆள் போட்டிருக்கான்?" பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, "வீட்டுலயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காரு" என்றார். திண்ணை சிரித்தது. ஆனால் அத்தான் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தோசைக்குத் தருகிற விலையில் மாவும் எண்ணெயும் மட்டுமல்ல, அதை எடுத்து வருகிறவர், தட்டை எடுக்கிறவர், கழுவுகிறவர் எல்லாருடைய கூலியும் சேர்ந்துதான் இருக்கிறது. ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பணம் கொடுத்துச் சாப்பிடுகிறவன் மேசையையும் துடைக்க வேண்டும் என்றால் யாருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இதற்குப் பதில் ஓட்டலின் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாப்பாடு கொண்டுவரும் சப்ளையர் ஒருவர். தட்டெடுத்து மேசை துடைப்பவர் இன்னொருவர். ஒரு கையில் பிளாஸ்டிக் தொட்டி, மறு கையில் ஈரத்துணி. தரையைத் துடைக்கக் கழியோடு வருகிறவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள், அவர் எல்லா நேரமும் வருவதில்லை. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் அடுத்த குடும்பம் நின்றுகொண்டிருக்கும். மேசைக்கு அரை நிமிஷம்தான். தட்டுகள் தொட்டிக்குள் விழும், துணி ஒரு இழுப்பு இழுக்கும், முடிந்தது. மேசையில் சிந்திய சாம்பார் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. தரையில் விழுந்தது வராது. அதை எடுக்க நாற்காலிகளை நகர்த்த வேண்டும், குனிய வேண்டும், மண்டிபோட வேண்டும். அடுத்து உட்கார வந்தவர்களின் கால்களுக்கு நடுவே கையை விட வேண்டும். எடுக்காமல் விட்டால் சூடான சாம்பார் வாளியோடு வரும் சப்ளையர் அந்தச் சட்னியில்தான் வழுக்குவார்.

ஆகவே என் கட்சி இது: மேசை ஓட்டல்காரர்கள் பொறுப்பு, தரை நம் பொறுப்பு. மேசையைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிச் செய்தால் அதுவும் உபத்திரவம். ஒரு முறை என் எதிர் மேசைக்காரர் டிஷ்யூவை எடுத்து மும்முரமாகத் துடைக்க ஆரம்பிக்க, துடைக்கும் தம்பி பதறி ஓடிவந்து, "சார், சார், வேணாம் சார்" என்று கையைப் பிடிக்காத குறை. கல்லாவிலிருந்து மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் துடைத்தால் திட்டு யாருக்கு விழும் என்பது தம்பிக்குத் தெரியும். தவிரவும், டிஷ்யூ சாம்பாரை உறிஞ்சாது, பரப்பும். இன்னும் சிலர் 'சுத்தம்' செய்வதே மேசையில் கிடப்பதையெல்லாம் புறங்கையால் தரைக்குத் தள்ளிவிடுவதுதான். மேசை பளிச்சென்று இருக்கும். அதற்குச் சும்மா எழுந்து போயிருக்கலாம்.

சப்ளையர் நம்மைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "விடுங்க சார், பையன் பாத்துப்பான்." ஒரு காலத்தில் அந்த வேலையில் இருந்தவர்கள் நிஜமாகவே சிறுவர்கள்தான். அரைக்கால் சட்டையும் அழுக்குப் பனியனுமாகப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் டீக்கடையிலும் ஓட்டலிலும் டம்ளர் கழுவி, இலை எடுத்து, மேசை துடைத்ததை என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் ஓட்டல், தாபா, டீக்கடை, வீட்டு வேலை ஆகியவற்றில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்ற தடை அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 10-இல்தான். அதுவரை ஒரு குழந்தை மேசையின் மேலே சிந்த, இன்னொரு குழந்தை கீழே புகுந்து பொறுக்கியது சகஜமாக நடந்த காட்சி. இரண்டுக்கும் நடுவே வயது வித்தியாசம் பத்துப் பதினோரு வருஷம் இருந்தால் அதிகம். நாம் அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தோம்.

இன்று அந்த இடத்தில் இருப்பவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த இளைஞர். இல்லாவிட்டால் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா. ஆள் மாறியிருக்கிறார். அவரை நாம் பார்க்காமல் இருக்கும் பழக்கம் மாறவில்லை. சப்ளையரிடம் பேசுகிறோம், 'நெய் ரோஸ்ட் முறுகலா இருக்கட்டும்' என்கிறோம், சிரிக்கிறோம். மேசை துடைப்பவர் வரும்போது முழங்கையை மட்டும் தூக்கிக்கொள்கிறோம்.

இதை வெறும் சோம்பல் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. எச்சிலைத் தொடுவது யார் வேலை என்பதில் நம் ஊருக்கு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கே இங்கே போராட வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-இல் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த முறையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை என்பது ஒரு பாதி. குடித்து முடித்ததும் அவர்களே அதைக் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மறு பாதி. உண்ட பாத்திரத்தைத் தானே கழுவுவது தண்டனையாகவும் அவமானமாகவும் விதிக்கப்பட்ட இடம் இது. அப்படிப்பட்ட இடத்தில் 'கழுவாமல், பொறுக்காமல் எழுந்து போவது' மரியாதைக்குரியவன் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டதில் ஆச்சரியம் என்ன? முதல் தலைமுறையாகக் குளிர்சாதன அறையில் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரைப் பார்த்து, "குனிந்து பொறுக்குங்கள்" என்று நான் சொல்வதற்குமுன் இதை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனாலும் இதே நாம்தான் வேறு இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். கையேந்தி பவனில் நின்று சாப்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே தட்டைக் கொண்டுபோய் வாளியில் போடுகிறோம். கோயில் அன்னதானத்தில் இலையை மடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போடுகிறோம். மெஸ்ஸில் 'சாப்பிட்ட இலையை எடுக்கவும்' என்று சுவரில் எழுதியிருந்தால் எடுக்கிறோம். கூட வந்த பிள்ளையும் தன் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெருமையாகப் பின்னால் வருகிறது. பத்து ரூபாய் இட்லிக்கு எடுக்கிற கை எண்பது ரூபாய் இட்லிக்கு எடுப்பதில்லை. விலை ஏற ஏற முதுகு விறைத்துக்கொள்கிறது.

சிங்கப்பூரில் இதைச் சட்டம் போட்டே மாற்றினார்கள். அங்குள்ள உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டவர்கள் தட்டை மட்டுமல்லாமல், கசக்கிப் போட்ட டிஷ்யூ, சிந்திய உணவு எல்லாவற்றையும் தாங்களே அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கண்டிப்பாக்கியது. காப்பிக்கடைகளுக்கும் உணவு நிலையங்களுக்கும் 2022 தொடக்கத்தில் அது வந்தது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் பிரியாணி சாப்பிடுகிற நம்மவர்களும் இப்போது தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே மேசை துடைப்பவர்களில் பலர் தள்ளாத வயதுக்காரர்கள் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே அப்படி அபராதம் வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஹெல்மெட்டுக்கு நிற்கும் கூட்டத்தோடு தோசைக்கும் ஒரு கூட்டம் ரசீது வாங்க நிற்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் இதில் மறைந்து கிடக்கிறது. 'பெற்றோர் எடுக்க வேண்டும்' என்று சொல்லிவிடுவது சுலபம். எடுப்பது யார்? எந்த ஓட்டலிலும் பாருங்கள். ஆறிப்போன தோசையை ஒரு கையால் பிய்த்துக்கொண்டு, மறு கையால் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு, ஓடுகிற பெரியதைக் கண்ணால் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பவள் அம்மா. அப்பா சாப்பிட்டுக் கை கழுவி, பில்லுக்குக் காத்தபடி கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார். குனிய வேண்டும் என்று நாம் ஒரு விதி செய்தால், அந்த அம்மா சாப்பிடாத கடைசி இரண்டு விள்ளலையும் விட்டுவிட்டுக் குனிவாள். வீட்டில் செய்ததை ஓட்டலிலும் செய்ய அவள் எதற்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி வர வேண்டும்? என் தீர்ப்பில் ஒரு திருத்தம்: தரை அப்பாவின் பொறுப்பு.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. பெரிய துண்டுகளை எடுத்து ஒரு தட்டில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. டயப்பர் வைத்திருக்கும் பையிலேயே பழைய வேட்டித் துணி ஒரு முழம் இருக்கட்டும். தரையில் கொட்டிய சாம்பாரை அது ஒத்தி எடுத்துவிடும். பெரிதாகக் கொட்டிவிட்டால் துடைக்க முயல வேண்டாம், சப்ளையரைக் கூப்பிட்டு, "இங்க வழுக்கும், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னால் போதும். டயப்பர் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது: மாற்றிய டயப்பரைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் எந்த வரலாற்றையும் துணைக்கு அழைக்க மாட்டேன்.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். "கீழே நாலு இட்லித் துண்டு இருக்கு, யாரு முதல்ல எடுக்குறா பாப்போம்" என்றால் அது மேசைக்கடியில் புகுந்துவிடும். வெளியே வர வைப்பதுதான் கஷ்டம். திட்டி எடுக்க வைக்க வேண்டாம். நாலு பேர் பார்க்க அதட்டினால், எடுப்பது கேவலம் என்றுதான் அதன் மனதில் பதியும். கைபேசியில் பாட்டுப் போட்டுக்கொடுத்து ஊட்டுவதைக் குறைத்தாலே சிந்துவதும் குறையும். திரையைப் பார்க்கிற பிள்ளைக்கு வாய் எங்கே இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பில் வைத்துவரும் அட்டைக்குள் நீங்கள் விட்டுவரும் இருபது முப்பது ரூபாய், பல ஓட்டல்களில் சப்ளையரோடு நின்றுவிடுகிறது. உங்கள் பிள்ளையின் மேசையைத் துடைத்தவர் அந்த அட்டையின் பக்கமே வருவதில்லை. அடுத்த முறை குழந்தையோடு போனால் அதில் பாதியை எடுத்து, தொட்டியோடு நிற்கிறவரைக் கூப்பிட்டு, அவர் கையில் கொடுங்கள்.