சாத்தாங்காட்டு மாடியும் சவ்வாது மலையும்

வடசென்னையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே அமைந்துள்ள சாத்தாங்காடு, இரவில் உறங்கும் ஊர் அன்று. இரும்பு எஃகு வணிக வளாகத்திற்குச் சரக்கேற்றி வரும் நெடிய டிரெய்லர் வண்டிகள் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. மேற்கே மணலித் தொழிற்சாலைகளின் விளக்குகளும் புகைபோக்கிச் சுடரும் வானத்தைச் செம்மஞ்சளாக்குகின்றன. வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து ஒளி. தெற்கே துறைமுகமும் மாநகரமும். கடல் கிடக்கும் கிழக்குத் திசை ஒன்றே சற்று இருண்டிருக்கும். இத்தகைய ஊரில், மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, விண்மீன்களுக்கிடையே மிதக்கும் ஒண்முகில்களைப் படம் பிடிக்க நாங்கள் மூவர் முற்பட்டோம் என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். அக்கம்பக்கத்தார் நகைக்கவே செய்தனர்.

இக்கலையின் முதல் இடர்ப்பாடு நாம் நிற்கும் பூமியே. அது சுழல்வதால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்கின்றன. முழுநிலவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தை ஏறத்தாழ 2 நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. மங்கலான ஒளியைச் சேர்க்க வேண்டுமாயின் படக்கருவியின் கண்ணைப் பல நிமிடங்கள் திறந்து வைத்தாக வேண்டும். ஆகவே தொலைநோக்கியைத் தாங்கும் பொறி, பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். எவ்வளவு நுட்பமாகக் கடைந்த பல்சக்கரத்திலும் சிறு ஏற்றத்தாழ்வு இருக்குமன்றோ? எங்கள் பொறியில் 30 விநாடி வரை படம் செம்மையாக விழுந்தது. அதற்கு மேற்பட்டால் விண்மீன்கள் புள்ளியாக இராமல் சீரகம் போல் நீண்டுவிடும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே தானியங்கி வழிகாட்டி. பெரிய தொலைநோக்கியின் முதுகில் சிறிய தொலைநோக்கி ஒன்றும், அதன் முனையில் ஒரு சிறு கேமராவும் பொருத்தப்படும். கணினி ஒரே ஒரு விண்மீனைத் தேர்ந்துகொண்டு, 2 விநாடிக்கு ஒருமுறை அதைப் பார்க்கும். மயிரிழை விலகினாலும் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பி, இருந்த இடத்திற்கே கொண்டுவந்து நிறுத்தும். பணியைத் தொடங்குமுன் பொறியைக் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் சிறிது அசைத்துப் பார்த்து, எந்த அசைவுக்கு எவ்வளவு நகர்ச்சி என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது. முற்காலத்தில் இதனை மனிதரே செய்தனர். அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் ஒண்முகிலை 51 நிமிடங்கள் படமெடுத்ததே ஒண்முகில் ஒன்றின் முதற்படம். அவருக்குப் பின் வந்தோர் பல மணி நேரம் குளிரில் அமர்ந்து, கண்ணாடியில் இழுத்துக் கட்டிய சிலந்தி நூலின் மேல் ஒரு விண்மீனைக் கண் இமையாது நிறுத்தி வைத்தனர். அந்தப் பொறுமையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பிளாஸ்கில் காப்பி வைத்துக்கொண்டிருந்தோம்!

பொறியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கியிருக்க வேண்டும் என்பது இதில் முதல் விதி. சென்னையிலோ துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரமே எழும். சாத்தாங்காட்டில் அந்த உயரம் முழுவதும் எண்ணூர்த் திசைப் புகைமூட்டத்திற்குச் சொந்தம். பல இரவுகளில் துருவ விண்மீன் கண்ணுக்கே அகப்படவில்லை. எனவே, தெற்கே உச்சி கடக்கும் விண்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்து, அது வடபுறம் விலகுகிறதா தென்புறம் விலகுகிறதா எனக் கண்டு, அதற்கேற்ப அச்சைத் திருத்தும் பழைய முறையைக் கையாண்டோம். ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆனால் நம்பத்தக்கது. வழிகாட்டியின் அலைக்கோடு கணினியில் அமைதியாக ஓடத் தொடங்கும். அந்நேரம் பார்த்து எஃகுச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று தெருமுனையில் திரும்பும். மாடி அதிரும், அலைக்கோடு துள்ளும், அந்தப் படம் குப்பைக்குப் போகும்.

டிரெய்லர் போய்விடும், ஒளி போகாது. பூமியின் சுழற்சியை வென்று 3 நிமிடப் படம் எடுத்தபோது விண்மீன்கள் அழகிய புள்ளிகளாகவே இருந்தன. ஆனால் படம் முழுவதும் வெளிறிப்போயிற்று. ஓரியன் ஒண்முகிலின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. விரிந்த இறக்கைகள் இல்லை. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரு குறிப்பிட்ட நிறத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருந்ததால், தக்க வடிகட்டிக் கண்ணாடியால் அதை ஓரளவு தடுக்க முடிந்தது. இப்போது பெருகிவிட்ட வெள்ளை எல்.ஈ.டி. விளக்கோ எல்லா நிறங்களிலும் பரவிக் கிடப்பது. அதை வடிகட்டப் புகுந்தால் வானத்தின் ஒளியும் சேர்ந்து போய்விடுகிறது.

இக்கடற்கரை எப்போதும் இப்படி இருந்ததன்று. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, தென்வானத்து ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். 1867இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி எனும் விண்மீன் ஒளி மாறுவது என நிறுவினார். சென்னையில் அது தென்னடிவானத்திலிருந்து 14 பாகை அளவே எழுவது! நுங்கம்பாக்கத்தில் இன்று நின்று அத்திசையைப் பார்ப்பவர் என்ன காண்பார் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

விபூதிப் புதனுக்கு முந்திய அமாவாசையன்று சவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். எங்களுள் ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, உடன் வந்தாள். திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்த அச்சிறுமிக்குப் பால்வீதி என்பது பாடநூலில் உள்ள படம். வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, ஆலங்காயம் கடந்து, காடு சூழ்ந்த காவலூரை அடைந்தோம். இருண்ட வானத்தையும் தென்வானத்தையும் ஒருங்கே பெறத்தக்க இடம் இதுவெனத் தேர்ந்தவர் வேணு பாப்பு. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு பணி தொடங்கிற்று. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென 1977இல் வெளிப்படுத்திய நோக்கல்களில் காவலூரும் பங்குகொண்டது. 1982இல் மறைந்த பாப்புவின் பெயரைத் தாங்கி, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இங்கே நிற்கிறது.

வானாய்வகத்தைத் தாண்டி, மலைக்கிராமம் ஒன்றில் அறிந்த குடும்பத்தாரின் களத்து மேட்டில் எங்கள் பொறியை நிறுத்தினோம். "மெட்ராசிலே வானம் இல்லீங்களா ஐயா?" என்று அவ்வீட்டு மூதாட்டி கேட்டார். நாங்கள் விடை சொல்லுமுன் சிறுமி, "இல்லை பாட்டி" என்றாள்.

வடபுறம் மரங்கள் தாழ்ந்திருந்ததால் துருவ விண்மீன் தெளிவாகக் கிட்டியது. அச்சு பத்து நிமிடத்தில் அமைந்தது. தரையில் அதிர்வில்லை. வழிகாட்டியின் கோடு குளத்து நீர் போல் கிடந்தது. 3 நிமிடப் படங்கள் நாற்பது எடுத்தோம். 2 மணி நேர ஒளி. முதற்படத்திலேயே ஓரியனின் இறக்கைகள் இருபுறமும் தெரிந்தன. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. அதே தொலைநோக்கி, அதே வழிகாட்டி. மாறியது வானம் ஒன்றே.

விடியற்காலை 4 மணிக்குத் தென்கிழக்கில் கேட்டை, மூல விண்மீன்களை ஒட்டி வெண்ணிறப் பட்டை ஒன்று எழுந்தது. "மேகம் வருகிறது, கருவியை மூடிவிடலாமா?" என்று சிறுமி கேட்டாள். அவளுடைய தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மேகம் இல்லையம்மா, நீ படித்த பால்வீதி இதுதான்" என்றார். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தவள், கிழக்கு வெளுக்கும் வரை எழவில்லை.

சாத்தாங்காட்டு வானத்தை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. விண்மீன் கொத்துகள் புள்ளிகளால் ஆனவை. ஒண்முகில்களைப் போல் ஊரொளியில் எளிதில் கரைந்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட ஓமேகா சென்டாரி, பாஸ்கு விழாவுக்குப் பின்வரும் அமாவாசையன்று நள்ளிரவை ஒட்டித் தெற்கே 29 பாகை உயரத்தில், துறைமுக விளக்குகளுக்கு மேலே நிற்கும். ஒவ்வொன்றும் 30 விநாடியாக இருநூறு படங்கள் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பது எங்கள் எண்ணம். டிரெய்லர்கள் கெடுப்பவை போக நூற்றைம்பது தேறினாலும் போதும்.