விறகுக்குக் கூர்க்கா கத்தியா, நம்ம ஊர் அரிவாளா?

விதை மானியம், மண் பரிசோதனை, பயிர்க் காப்பீடு என்று கேட்டு வருகிறவர்களோடு, கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் என் மேசைக்கு வருகிறது. செல்போனில் படத்தைக் காட்டி, “சார், இந்தக் கூர்க்கா கத்தி முள்ளு வெட்ட ஆகுமா, இல்லை இந்த அமெரிக்கக் கத்தியை வாங்கலாமா?” என்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கம் கொஞ்சம் முருங்கையும் கொஞ்சம் மானாவாரியும் வைத்திருக்கிற குடும்பங்கள். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. வேலி ஒதுக்குவது, கவாத்து செய்வது, அடுப்புக்கு விறகு வெட்டுவது எல்லாம் வீட்டுக்காரர் கையில்தான்.

இதைச் சின்னக் கேள்வி என்று நான் ஒதுக்குவதில்லை. முன்பு நான் வேலை பார்த்த வட்டாரத்தில் மூன்று கறவை மாடு வைத்திருந்த ஒருவர், மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த நேர்க் கத்தியால் காய்ந்த சீமைக்கருவேலங் கிளையை வெட்டினார். கத்தி மரத்தில் பதியாமல் வழுக்கி, கிளையைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கியது. காபித் தூளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு நாலு நாள் வீட்டிலேயே இருந்தார். தோல் மூடிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உள்ளே தசைநார் அறுந்து போயிருந்தது. அவர் மனைவி ஒற்றை ஆளாக இரண்டு மாதம் கறந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக மூன்று மாடும் சந்தைக்குப் போயின.

ஆகவே கேட்கிற பிள்ளைகளை உட்கார வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கத்தி. அதற்கு போவி கத்தி என்று பெயர். ஜேம்ஸ் போவி என்பவர் 1827-இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு கைகலப்பில் பெரிய கத்தியோடு சண்டையிட்டுப் பேர் வாங்கினார். அந்தப் பேர் கத்திக்கு ஒட்டிக்கொண்டது. நேரான அலகு, குத்துவதற்கு வாகாக மேற்புறம் சரித்து வெட்டிய முனை, கை வழுக்காமல் இருக்கப் பிடிக்கு முன்னால் ஒரு குறுக்குத் தடுப்பு. சண்டைக்கும், வேட்டையில் தோல் உரிக்கவும் வந்த கத்தி அது. கையை வேகமாகத் திருப்ப வேண்டும் என்பதால் எடை பெரும்பாலும் பிடியை ஒட்டியே இருக்கும். இறைச்சி அறுக்க நல்லது. மரம் வெட்ட உங்கள் தோள்தான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்.

கூர்க்கா கத்தி, அதாவது குக்ரி, வேறு வகை. நேபாள மலைக் கிராமங்களில் விறகு வெட்டுவதற்கும், ஆட்டை அறுப்பதற்கும், புதர் ஒதுக்குவதற்கும் அதுதான். பட்டாளத்தில் பேர் வாங்கினாலும் அடிப்படையில் வீட்டுக் கருவி. அலகு நடுவில் முன்பக்கமாக வளைந்து, வளைவுக்கு அப்பால் அகன்று கனத்திருக்கும். கையை வீசும்போது அதிக வேகத்தில் போவது கத்தியின் முன்பகுதிதானே? எடையும் அங்கேயே இருந்தால் அடி ஆழமாக இறங்கும். வளைவு இருப்பதால் வாய் மரத்தில் படும்போது வெறுமனே மோதாமல் இழுத்து அறுக்கும். விறகு வெட்ட இந்த இரண்டில் எது என்றால் குக்ரிதான்.

இதைக் கேட்டதும் சில பிள்ளைகளுக்குச் சந்தோஷம். உடனே ஆர்டர் போடப் போனை எடுப்பார்கள். “இரு தம்பி, உங்க வீட்டு எரவாணத்தில் என்ன செருகியிருக்கு?” என்று கேட்பேன். வெட்டரிவாள். பழனிப் பக்கம் கொடுவாள் என்பார்கள். முன்னால் எடை, முன்னால் வளைவு, தடித்த முதுகு. குக்ரியில் இருக்கும் அத்தனை குணமும் அதில் இருக்கிறது. கூடுதலாக இரண்டு வசதி. பிடி நீளம், தேவைப்பட்டால் இரண்டு கையும் போடலாம். முள்ளுக்கும் கைக்கும் இடைவெளி கிடைக்கும். மூக்கு வளைந்திருப்பதால் வெட்டிய முள்ளை அதே அரிவாளால் கொக்கி போட்டு இழுத்துப் போடலாம். குக்ரியின் குட்டைப் பிடியோடு சீமைக்கருவேலப் புதருக்குள் கையை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எந்தக் கத்தியானாலும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆட்காட்டி விரலைக் குறுக்கே நீட்டி அதன்மேல் கத்தியின் முதுகை வைத்து, எந்த இடத்தில் தராசு போல் நிற்கிறது என்று பாருங்கள். பிடியை ஒட்டி நின்றால் அது அறுக்கிற கத்தி. பிடியிலிருந்து நாலு விரல் அளவோ அதற்கு மேலோ தள்ளி நின்றால் வெட்டுகிற கத்தி. அடுத்து, பிடிக்குள் போகும் காம்பைப் பாருங்கள். படத்தில் மிரட்டலாகத் தெரியும் கத்திகள் சிலவற்றில் காம்பு சுண்டு விரல் தடிமன்கூட இருக்காது. வேகமாக வெட்டும்போது அங்கே ஒடிந்தால் அலகு தனியே பறக்கும்.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் நல்ல அரிவாளை லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறார்கள். நேபாளத்துக் கொல்லர்களும் குக்ரிக்கு அதே வண்டிப் பட்டையைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு ஊர்க் கொல்லரும் துவைச்சல் போடும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. பழுக்கக் காய்ச்சிய அலகை முழுவதும் தண்ணீரில் போடுவதில்லை. அங்கே கெண்டியிலிருந்து வாய் ஓரமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே வாயை மட்டும் தண்ணீர் காட்டி எடுப்பார்கள். வாய் கடினமாகும், முதுகு இளகலாக இருந்து அதிர்ச்சியைத் தாங்கும். முழுக்கக் கடினமானால் ஒடியும். முழுக்க இளகினால் வாய் மடங்கும். துருப் பிடிக்காது என்று எவர்சில்வர் கத்தியைத் தேடுகிறவர்கள், விறகுக்கு வேண்டியது பளபளப்பு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். சாணை பிடிக்கும்போதும் கவனம். மோட்டார் கல்லில் அழுத்திப் பிடித்து வாய் நீல நிறம் ஏறினால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது என்று பொருள்.

எந்த மரத்துக்கு எது? மணிக்கட்டு தடிமன் வரை அரிவாள் போதும். அதற்கு மேல் முன்னங்கை, தொடை தடிமனுக்குக் கோடாலி அல்லது ரம்பம். கட்டையைப் பிளக்கக் கோடாலியும் ஆப்பும்தான். அரிவாளைச் செருகி முதுகில் அடித்துப் பிளக்காதீர்கள். சீமைக்கருவேலத்தைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிட்டுக் காயவையுங்கள். காய்ந்த பிறகு வெட்டினால் கத்தி துள்ளும். மேலே வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும் என்பதால், நிலத்தை மீட்க நினைப்பவர்கள் வேரோடு எடுக்க வேண்டும்.

பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையை அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்புக்கு வரும். அது மெதுமரம், கனத்த வெட்டு தேவையில்லை. ஆனால் மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டால் பட்டை அடிவரை உரிந்துவிடும். முதலில் கீழ்ப்புறம் லேசாக ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து சாய்வாக. வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு.

வெட்டும்போது கிளையை நேர்க்குத்தாக அடிக்காமல் இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி, நடுவில் சில்லு தெறித்து விழச் செய்யுங்கள். தரையில் கிடக்கும் மரத்தில் கிளை கழிக்கும்போது மரம் உங்கள் காலுக்கும் அரிவாளுக்கும் நடுவில் இருக்கட்டும். விறகைக் கையில் பிடித்து வெட்டாதீர்கள். அடிக்கட்டையில் வைத்து, இன்னொரு குச்சியால் அழுத்திப் பிடியுங்கள். கோடையில் பிடி காய்ந்து சுருங்கிப் பூண் தளரும். தினமும் வேலைக்கு முன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட கருவிகளை ஆயுதமாகக் கொள்வதில்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளைச் சொல்லும் இடத்தில் குக்ரி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டு, விவசாய உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு அங்கும் விலக்கு உண்டு. இருந்தாலும் வண்டியில் குக்ரியோடு போகிற பையன் அதை வழிச் சோதனையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். 2021-இல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர் பெயர், முகவரியை எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னது. கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அரிவாளைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள்.

பட்டறைக்குப் போகும்போது, வெட்டப் போவது முருங்கையா முள்ளா என்று சொல்லுங்கள். யார் பிடிக்கப் போகிறார்களோ அவரையே கூட்டிப் போங்கள். பெண்கள் பிடிக்கும் அரிவாளுக்கு எடையும் பிடியின் சுற்றளவும் குறைய வேண்டும். வாய் மழுங்கினால் அடுத்த வருடம் அதே உலையில் காய்ச்சி அடித்துத் தருவார். தபாலில் வந்த கத்திக்கு அந்த வசதி கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் கை வெட்டுப்பட்டால் காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல்களை மெதுவாக மடக்கிப் பாருங்கள். ஒரு விரல் மடங்காவிட்டாலும், மரத்துப்போனாலும் தையல் மட்டும் போட்டுத் திரும்பி வராதீர்கள். அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், “விரல் மடங்கலைங்க, நரம்பு பார்க்கணும்” என்று சொல்லிக் கேளுங்கள். டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.