கோடு கட்டும் வரப்பு

துயரத்தில் இருப்பவரிடம் ஒரு தாளை நீட்டி, "மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடு" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓவியம் மனத்துக்கு மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. கொட்டுவதால்தான் அது மருந்தாகிறது என்பதில்தான் ஐயம். மயிலாடுதுறைப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் உடைப்பெடுத்து வரும் தண்ணீர் பயிரை மூழ்கடிக்கிறது. அதே தண்ணீர் வரப்புக்குள் நின்றால் நட்ட நாற்று வேர் பிடிக்கிறது. துயரத்துக்குக் கோடு செய்வது அந்த வரப்பு வேலை.

ஜெனிஃபர் டிரேக், எல்லன் வின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. பங்கேற்றவர்களிடம் முதலில் வருத்தத்தை உண்டாக்கிவிட்டு, ஒரு சாராரை அந்த வருத்தத்தையே வரையச் செய்தார்கள். மற்றவர்களை வேறு எதையோ வரையச் செய்தார்கள். வேறொன்றை வரைந்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். இது சிறிது நேரச் சோதனை, ஆண்டுக்கணக்கான துக்கத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது சரிதான். ஆனால் நம் வாசல்களில் நடப்பதும் இதுவே. துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை. நாள் கழிந்து மீண்டும் மாவெடுக்கும் பெண் தன் அழுகையையா வரைகிறாள்? புள்ளியை எண்ணி வைக்கிறாள். இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்பதில் கண்ணாக இருக்கிறாள். எதுவுமே தன் வசத்தில் இல்லை என்று ஆகிப்போனவளுக்கு, அந்த இழை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதாவது தன் வசத்தில் இருக்கிறது.

தஞ்சாவூரில் 1924இல் பிறந்த ஓவியர் கோபுலு, ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த படங்களால் இந்த மண்ணின் நாகஸ்வரக்காரர்களுக்கு முகம் கொடுத்தவர். பிற்காலத்தில் பக்கவாதம் அவருடைய வலக்கையை முடக்கியபோது, இடக்கையால் வரையப் பழகினார். உலகறிந்த கோட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு குழந்தையைப் போல முதல் கோட்டிலிருந்து தொடங்கியதில் புலம்பலுக்கு இடமில்லை, பயிற்சிதான் இருந்தது. அவர் மேதை, அவரால் முடிந்தது என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' அதற்குப் பதில் சொல்கிறது. தோம்பு என்றால் நிலப் பதிவேடு. 2011இல் வெளிவந்த அந்த நூலுக்காக, போரில் இடம்பெயர்ந்த தமிழர்களும் முஸ்லிம்களும் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். ஓவியம் படிக்காத சாதாரண மக்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது குண்டு விழுந்த காட்சியல்ல, வீடு. கதவு எந்தப் பக்கம், அறைகள் எப்படி அடுத்தடுத்து இருந்தன என்று கை யோசித்து யோசித்து நகரும்போது, இழப்புக்கு நீள அகலம் கிடைக்கிறது. அளவு தெரிந்த இழப்பை மனிதர் சுமந்துவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், கடலோர ஊர்களின் குழந்தைகள் பலர் அலையை வரைந்தார்கள். குழந்தை தானாக அலையை வரைந்தால் தடுக்கக் கூடாது. ஆனால் வந்து போகிறவர்களுக்காகவெல்லாம் அலையை வரையச் சொல்வது வரப்பை நாமே வெட்டிவிடுவதாகும். பேரிடர் முடிந்த கையோடு நடந்ததை விவரிக்கச் சொல்லி ஒருவரைத் தூண்டுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

கோடு கொட்டுவதல்ல, கட்டுவது என்ற இந்த வாதத்தை மறுக்க மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவைக் காட்டலாம். 1925இல் பேருந்து விபத்தில் உடல் நொறுங்கிய அவர் அந்த வலியையே வரைந்தாரே என்று கேட்கலாம். வரைந்தார், ஆனால் அந்தப் படங்களில் ஒவ்வொரு ஆணியும் ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் இடம் பார்த்து வைக்கப்பட்டவை. வலிதான் பொருள் என்றாலும் அவர் கட்டியதும் வரப்புதான். இதைவிடக் கனமான மறுப்பு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த கே. ராமானுஜம். மனநோயோடு போராடியபடி, மைக்கோடுகளால் நுணுக்கமான கனவு நகரங்களை எழுப்பிய அவர் 1973இல் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். இதற்குச் சாமர்த்தியமான பதில் எதுவும் கிடையாது. கோடு தாங்கும் வெள்ளத்துக்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மருத்துவரும் கூட இருக்கும் மனிதர்களும்தான் வேண்டும். ஓவியத்தை அவர்களுக்கு மாற்றாக யாராவது விற்றால் நம்பக் கூடாது. பேரிடர் நேரத்தில் அரிசியும் கூரையும்தான் முதலில் வேண்டும் என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நிவாரண வரிசையில் நிற்பவருக்கு எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்கிறார்கள். தாளில் மட்டும் அவரே முடிவு செய்கிறார்.

அதனால் கேட்பது சிறிய காரியங்களே. பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகும் பொருட்களில் கொஞ்சம் தாளும் பென்சிலும் சேருங்கள். என்ன வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரைந்ததைப் பற்றி அவர்களாகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.