சதுரங்கப்பட்டினத்தில் இரண்டு வகை விரிசல்

மாமல்லபுரத்தில் பஸ் பாதி காலியாகிவிட்டது. இன்னும் அரை மணி நேரம் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் வாயில் அது 'சத்ராஸ்'.

அவர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றி வந்தேன். வேலைப்பாடுள்ள கல்லறைக் கற்கள், வெடித்துக் கிடக்கும் செங்கல் சுவர்கள். 1782-ல் இந்தக் கடலில்தான் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் மோதின. எங்கே விரிசல் என்று இங்கே யாரும் தேட வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிகிறது.

சற்று வடக்கே கல்பாக்கம் அணுசக்தி வளாகம். நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. அங்கே தேடுவது கண்ணுக்குத் தெரியாத விரிசலை.

அங்குள்ள 500 மெகாவாட் ஈனுலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். பள்ளி ஆய்வகத்தில் சோடியத் துண்டு தண்ணீரில் பட்டதும் தீப்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? அதே இரண்டும் நீராவிக் கலனில் அக்கம்பக்கமாக ஓட வேண்டும். நடுவே 2 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில் ஒரு எஃகுக் குழாய்ச் சுவர், அவ்வளவுதான்! ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர் நீளம். வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலே பெரிய வம்பு.

அறுத்துப் பார்த்தால் குழாய் போச்சு. பாட்டி பானையைச் சுண்டிப் பார்ப்பாரே, ஏறக்குறைய அந்த வித்தைதான் கைகொடுக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பினால், விரிசலில் மோதித் திரும்பி வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஸ்கேனுக்கு வயிற்றில் ஜெல் தடவுவதுபோல இங்கேயும் ஏதாவது தடவி, கருவியை ஒட்டி வைக்க வேண்டும். தகிக்கும் உலோகத்தையும் கதிரியக்கம் உள்ள பாகத்தையும் யார் போய்த் தொடுவது?

அதற்குத்தான் லேசர். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே ஒளி விழுகிறது. பட்ட புள்ளி சட்டென்று சூடாகி விரிய, அந்த அதிர்ச்சியே ஒலியாகி உள்ளே ஓடுகிறது. திரும்பி வரும் ஒலியில் மேற்பரப்பு நடுங்குவதை இன்னொரு லேசர் எட்ட நின்றே படித்துவிடும். சிவக்கச் சிவக்க உருண்டு வரும் எஃகுக் குழாயின் தடிமனைக்கூட ஆலைகளில் இப்படி அளந்திருக்கிறார்கள். அதற்காக ஜெல் ஒழிந்துவிடவில்லை. லேசர் கருவி விலை அதிகம், கண்ணுக்கும் ஆபத்து.

உடைக்காமல் சோதிக்கும் இந்தத் துறையைக் கல்பாக்கத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் மறைந்த விஞ்ஞானி பல்தேவ் ராஜ். டெல்லி இரும்புத் தூணையும் அவர் குழு இப்படிச் சோதித்திருக்கிறது.

சென்னை பஸ் வர நேரமிருந்தது. டீக்கடையில் எவர்சில்வர் டம்ளரை நகத்தால் ஒருமுறை சுண்டினேன். கடைக்காரர் முறைத்தார்.