ஈறு கெட்டால்...

இலக்கண வகுப்பில் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று யாம் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மாணவர் முகங்களில் புன்னகை அரும்பும். 'ஓடாத குதிரை' என்பது ஈறு கெட்டு 'ஓடாக் குதிரை' என நின்றாலும் பொருள் கெடுவதில்லை. சொல்லில் ஈறு கெட்டாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். வாயில் ஈறு கெட்டாலோ பல்லும் நில்லாது, உடலும் நலியும். இதனை மாணவச் செல்வங்கட்கும் ஊர்ப் பெரியோர்கட்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஒரு பகுதி பண்டு கடலாய் இருந்த நிலம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரைச் சூழ்ந்த களிமண் படிவுகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட சுறாமீன்களின் பற்கள் கிடைத்துள்ளன. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்கட்கென்றே அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்துள்ளது. மண்ணில் அத்தனை காலம் அழியாது கிடக்கவல்ல பல், மனிதர் வாயில் ஐம்பது அறுபது வயதிற்குள் உதிர்வானேன்? பல் சொத்தையாவதால் மட்டுமன்று. அதனைத் தாங்கும் ஈறும் எலும்பும் அழிவதாலுமாம்.

பல்லும் ஈறும் கூடுமிடத்தில் நுண்ணுயிர்கள் மென்படலமாய்ப் படிகின்றன. அதனைத் துலக்கி நீக்காவிடின், உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்துச் சேர்ந்து காரையாக இறுகிவிடும். சுண்ணாம்புக்கல் வெட்டும் மாவட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இறுகிய காரையைப் பல் மருத்துவரே அகற்றுதல் வேண்டும். முதலில் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்குகையில் குருதி கசியும். அந்நிலையிலேயே கவனித்தால் முற்றும் குணமாகும். தவறினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்தது தானே மீள்வதில்லை. பெரும்பாலும் வலி இராமையால் நோய் வளர்வது தெரிவதில்லை. புகைப்போர்க்கோ குருதிக் கசிவும் குறைந்து நோய் மேலும் மறைந்துகொள்ளும்.

எம் அத்தா நெடுங்காலம் நீரிழிவால் வருந்தியவர். மாலைதோறும் தெருப் பிள்ளைகட்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். ஈற்றில் குருதி கண்டபோது, 'உடல் சூடு' என்று உப்புநீரில் கொப்பளித்து அமைந்தார். அறுபதாம் வயதில் முன்பற்கள் ஒவ்வொன்றாய் ஆடி விழுந்தன. தமிழில் தகரமும் நகரமும் பல்லடியிற் பிறப்பன. அரபியிலோ மேற்பல் நுனியை நாநுனி தொட்டாலன்றிப் பிறவாத எழுத்துகளும் உள. உச்சரிப்புப் பிழைபட ஓதிக்கொடுத்தல் ஆகாதென்று அவர் தாமே அப்பணியை விட்டார். பல் போனதைக் காட்டிலும், பிள்ளைகள் வராத மாலைப்பொழுதே அவரை வாட்டிற்று.

நீரிழிவுக்கும் ஈறுநோய்க்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. சர்க்கரை மிகுந்தால் ஈறு விரைந்து கெடும்; ஈற்றின் அழற்சி நீடித்தால் சர்க்கரை அடங்க மறுக்கும். ஈறுநோய்க்கு முறையான மருத்துவம் செய்தபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருப்பதை நோக்கின், இது சிறு செய்தியன்று. இதயநோயும் பக்கவாதமும் ஈறுநோய் உடையோரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஒன்றே மற்றொன்றிற்குக் காரணமென அறுதியிடப்படவில்லை எனினும், அத்தொடர்பு புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் மிஸ்வாக்கும் வழங்கிய முன்னோர் வாய்த்தூய்மையின் அருமை உணர்ந்தோரே. எக்கருவியாயினும் ஈற்றைப் புண்படுத்தாது மென்மையாகத் துலக்குதல் வேண்டும். செங்கற்பொடியும் கரியும் வேண்டா. காலையும் இரவும் துலக்குக, புகையிலையை விடுக, ஆண்டிற்கொருமுறையேனும் பல் மருத்துவரைக் காண்க. நீரிழிவுடையோர் சர்க்கரையைச் சோதிப்பதோடு ஈற்றையும் காட்டுதல் நன்று.

மாணவச் செல்வங்களே! இன்று வீடு சென்றதும் அத்தாவிடமும் அம்மாவிடமும் ஒரு வினா வினவுங்கள்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" ஆம் எனில் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.