மோட்டார் கொட்டகையில் ஒரு விரல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி ஒருவர்)

1990 முதல் தமிழ்நாட்டு உழவர்களின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் எங்கள் கிராமத்தில் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். இரவு முறை என்றால், நள்ளிரவானாலும் டார்ச் லைட்டும் கையுமாக அப்பா கழனிக்குக் கிளம்பிவிடுவார். மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து அரை மைல். ஒரு மழைக்கால இரவில், கரும்புக் கொல்லை வரப்பில் கட்டுவிரியனை மிதிக்கத் தெரிந்தார், மயிரிழையில் தப்பினார். அன்றிரவு அம்மா அழுத அழுகைதான் இக்கட்டுரைக்கு வித்து.

கைப்பேசியைத் தொட்டால் விளக்கெரியும் 'ஸ்மார்ட் வீடு' பற்றித் தோழியர் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். எழுந்து நான்கடி வைத்தால் சுவிட்சு. அங்கே அக்கருவிக்கு என்ன வேலை? தொலைவு இருக்குமிடத்தில் அன்றோ அது தேவை!

'ஸ்மார்ட் பிளக்' ஒன்றை வாங்கி மோட்டாருக்குப் பொருத்திவிடலாம் என்று எண்ணினேன். நல்லவேளை, முதலில் எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "அது ஒருமுனை 230 வோல்ட்டுக்கு ஆனது, 16 ஆம்பியருக்கு மேல் தாங்காது. உங்களுடையது 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார். புறப்படும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்குமே, அம்மா!" என்றார்.

பிறகுதான் கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கருவியைப் பற்றி அறிந்தேன். வேளாண்மைப் பொறியியல் துறை இதனை மானியத்தில் வழங்கி வந்திருக்கிறது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பிச்சுருள் காந்தமாகி, மூன்று முனைகளையும் மோட்டாருடன் இணைக்கும். இக்கருவி செய்வது அந்தப் பொத்தானை அழுத்தும் வேலை மட்டுமே. மோட்டாரின் மின்னோட்டம் இதன் வழியே பாய்வதில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த மின்காந்தத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயில் சேர்த்ததையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் போட்டுக் கருவியை வாங்கினோம். எலக்ட்ரீஷியன் வந்து பொருத்தினார். அதனுள் ஒரு சிம் கார்டு உண்டு. வீட்டார் எண்களை மட்டும் பதிந்தோம். வேறு எவர் அழைத்தாலும் அது அசையாது. மின்சாரம் வந்ததும் அப்பாவை அழைத்துத் தமிழில் சொல்லும். எழுத்தறியாத அப்பாவுக்கு அந்தக் குரல் போதும். ஒன்றை அழுத்துவார், மோட்டார் ஓடும். கிணற்றில் நீர் வற்றினால் தானே நின்றுவிடும்.

ஒரு மாதம் சிம் கார்டுக்குப் பணம் கட்ட மறந்தேன். இரவில் அழைப்பு வரவில்லை. விடிந்து பார்த்தால் பயிர் காய்ந்து நிற்கிறது! நான் தலைகுனிந்தேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு, "பச்சைப் பொத்தான் அங்கேயேதான் இருக்குது பாப்பா" என்று கிளம்பினார். அன்று கற்ற பாடத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்குச் சொல்கிறேன்: தேவை எதுவெனப் பார்த்து ஒரே ஒரு கருவியோடு தொடங்குங்கள்; பழைய பொத்தானைக் கழற்றி எறியாதீர்கள்.

மூன்றடியால் உலகளந்த பெருமாள் நிற்கும் ஊர் நம் திருக்கோவிலூர். என் அப்பாவின் உலகம் அந்த அரை மைல்தான். இப்போதெல்லாம் பெரும்பாலான இரவுகளில், அதைப் படுத்த பாயிலிருந்தே ஒரு விரலால் அளந்துவிடுகிறார். அம்மாவும் உறங்குகிறாள்.